டிரைவ் காணோம், போல்டர் காணோம் என்று சாப்ட்வேர் சொன்னால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

‘பாத் நாட் ஃபவுண்ட்’, ‘லொகேஷன் இஸ் நாட் அவைலபிள்’, ‘இன்வேலிட் டிரைவ்’. செங்கோட்டையில் தொடங்கி புளியரை, ஆரியங்காவு, தென்மலை வரை கடைக் கம்ப்யூட்டர்களைப் பார்க்கப் போகும் எனக்கு அதிகம் வரும் அழைப்புகள் இந்த மூன்று வரிகளைப் பற்றித்தான். எடை மேடை, மர டிப்போ, காய்கறிக் கமிஷன் கடை, போட்டோ ஸ்டுடியோ, அச்சகம் என்று இடம் மாறும். திரையில் வரும் வாசகமும் கொஞ்சம் மாறும். அழைப்பவர் சொல்வது மட்டும் மாறாது: “அண்ணாச்சி, டேட்டா எல்லாம் போச்சு.”

பெரும்பாலும் போயிருக்காது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஊர் ஓர் அடிகூட நகரவில்லை, முகவரிதான் மாறியது. உங்கள் போல்டருக்கும் அநேகமாக அதுதான் நடந்திருக்கிறது. சாப்ட்வேர் தன் கோப்புகளை ‘டி டிரைவ், அதற்குள் அக்கவுண்ட்ஸ், அதற்குள் டேட்டா’ என்று ஒரு பாதையாகத்தான் நினைவில் வைத்திருக்கும். அந்தப் பாதையில் ஓர் எழுத்து மாறினாலும் அதற்குத் தேடத் தெரியாது. இல்லை என்று சொல்லிவிடும். ஆகவே நம் வேலை இரண்டு: அது எந்தப் பாதையைக் கேட்கிறது என்று பார்ப்பது, அந்தப் பாதை எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது. கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

கை வைக்கும் முன்

ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் பாவூர்சத்திரம், சுரண்டைப் பக்கத்துக் காய்கறி லாரிகள் கேரளா நோக்கி வரிசை கட்டும்போது, எடை மேடையில் உட்கார்ந்திருப்பவருக்கு யோசிக்க நேரம் கிடையாது. திரையில் எது வந்தாலும் ‘ஓகே’, ‘யெஸ்’ என்று அழுத்தத் தோன்றும். டேட்டா உண்மையிலேயே போவது அந்த நேரத்தில்தான்.

‘யூ நீட் டு ஃபார்மேட் த டிஸ்க்’ என்று கேட்டால் ‘கேன்சல்’ மட்டும் அழுத்துங்கள். ‘இனிஷியலைஸ்’ செய்யவா என்று கேட்டாலும் அப்படியே. ‘டேட்டாபேஸ் இல்லை, புதிதாக உருவாக்கவா?’ என்று கணக்கு சாப்ட்வேர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். புதிதாக உருவாக்கிய காலி டேட்டாவில் இரண்டு நாள் பில் போட்டுவிட்டால், பழையது கிடைத்த பிறகு இரண்டையும் சேர்ப்பது பெரும் பாடு. சாப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதும் இப்போது வேண்டாம். பழைய பாதை எது என்று எழுதி வைத்திருக்கும் அமைப்புக் கோப்பு அதோடு போய்விடலாம். பாதை தெரியாமல் போனால் தேடுவதற்கு ஒரு பிடியும் இருக்காது.

செல்போனில் அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முழுச் செய்தியும் தெரிய வேண்டும். சின்ன எழுத்தில் இருக்கும் பாதையும் எண்ணும்தான் முக்கியம்.

அந்த எண் என்ன சொல்கிறது

விண்டோஸின் சொந்த எண்களில் 2 என்றால் கோப்பு இல்லை, 3 என்றால் பாதை இல்லை, 15 என்றால் டிரைவே இல்லை, 21 என்றால் டிரைவ் இருக்கிறது ஆனால் தயாராக இல்லை. 53, 67 இரண்டும் நெட்வொர்க் சம்பந்தப்பட்டவை: 53 வந்தால் அந்த இன்னொரு கம்ப்யூட்டரையே எட்ட முடியவில்லை, 67 வந்தால் அதில் பகிர்ந்த போல்டரின் பெயர் சரியில்லை. 5 என்றால் இருக்கிறது, ஆனால் உங்களுக்கு அனுமதி இல்லை.

இந்தப் பகுதியில் எடை மேடைகளிலும் மண்டிகளிலும் இன்னும் ஓடும் பழைய சாப்ட்வேர்களில் பல, 1998இல் வந்த விஷுவல் பேசிக் 6இல் எழுதியவை. ‘ரன்டைம் எரர்’ என்று தொடங்கினால் எண்களுக்குப் பொருள் வேறு. அங்கே 76 என்றால் பாதை இல்லை, 53 என்றால் கோப்பு இல்லை, 68 என்றால் சாதனம் இல்லை, 71 என்றால் டிஸ்க் தயாராக இல்லை, 75 என்றால் அந்தப் பாதையையோ கோப்பையோ திறக்கவோ எழுதவோ முடியவில்லை. பாருங்கள், 53 இரண்டு இடத்திலும் வருகிறது. எண்ணை மட்டும் போனில் சொன்னால் நெட்வொர்க்கை நோண்டிக்கொண்டிருப்போம். கோப்பு ஒன்று காணாமல் போனது தெரியவே தெரியாது. அதனால்தான் முழுப் படம் கேட்கிறேன். ஆக்சஸ் டேட்டாபேஸை நம்பியிருக்கும் சாப்ட்வேரில் 3044 வந்தால் பாதை தவறு, 3024 வந்தால் போல்டர் இருக்கிறது, உள்ளே கோப்பு இல்லை.

செய்தியில் பாதை இருந்தால் அதைப் படிப்படியாக நடந்து பாருங்கள். ‘திஸ் பிசி’யைத் திறந்து முதலில் அந்த எழுத்தில் ஒரு டிரைவ் இருக்கிறதா, பிறகு முதல் போல்டர், பிறகு அடுத்தது. எங்கே நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. செய்தியில் பாதை இல்லை என்றால் சாப்ட்வேரின் ஷார்ட்கட்டில் வலது கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ திறந்து ‘டார்கெட்’, ‘ஸ்டார்ட் இன்’ இரண்டு வரிகளையும் படியுங்கள். சாப்ட்வேர் நிறுவப்பட்ட போல்டருக்குள் ‘கான்ஃபிகரேஷன் செட்டிங்ஸ்’ வகைக் கோப்பு ஒன்று இருந்தால் நோட்பேடில் திறந்து பார்க்கலாம். டேட்டா எங்கே என்று அதில் ஒரு வரி எழுதியிருக்கும். டாலி என்ற கணக்கு சாப்ட்வேரில் அப்படியொரு கோப்பு உண்டு.

அறிகுறி: ‘திஸ் பிசி’யில் அந்த டிரைவே இல்லை

ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறங்கள். இங்கே என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

டிஸ்க் அங்கே இருக்கிறது, ‘ஹெல்தி’ என்றும் போட்டிருக்கிறது, எழுத்து மட்டும் இல்லை என்றால் கவலையே வேண்டாம். அந்தக் கட்டத்தில் வலது கிளிக், ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்’, ‘ஆட்’, பழைய எழுத்தைக் கொடுங்கள். முடிந்தது. ஆனால் டிஸ்கின் தொடக்கத்திலோ கடைசியிலோ எழுத்தில்லாமல் சில நூறு எம்பி அளவில் இருக்கும் சின்னப் பகுதிகளுக்கு எழுத்து கொடுக்காதீர்கள். அவை விண்டோஸ் தனக்காக வைத்திருப்பவை.

‘ஆஃப்லைன்’ என்று இருந்தால், இடது பக்கம் டிஸ்க் எண் உள்ள இடத்தில் வலது கிளிக் செய்து ‘ஆன்லைன்’ கொடுங்கள். ஒரு டிஸ்கை அப்படியே நகலெடுத்து, மூலத்தையும் நகலையும் ஒரே கம்ப்யூட்டரில் மாட்டினால் இது வரும். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கி வைக்கும்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலும் இல்லை என்றால் கம்பியும் கரண்டும்தான் விஷயம். சாரல் காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் போவதும் வருவதும் ஒரு நாளில் பல தடவை நடக்கும். கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் இருக்கும். தனி அடாப்டர் வைத்த பெரிய வெளி ஹார்ட் டிஸ்க் மட்டும் சாதாரண பிளக்கில் இருக்கும். கரண்ட் போன நொடியில் டிஸ்க் நின்றுவிடும், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும், சாப்ட்வேர் டிரைவைக் காணோம் என்று கத்தும். அந்த அடாப்டரையும் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். சின்ன வெளி டிஸ்க் என்றால் யுஎஸ்பி ஹப்பை விட்டுவிட்டு நேராகக் கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளையில் செருகிப் பாருங்கள். முன்பக்கத் துளைகள் பழைய கேபினெட்டுகளில் தளர்ந்திருக்கும். கேபிளையும் மாற்றிப் பாருங்கள்.

ஒரு சின்ன விஷயம், பலருக்குத் தெரியாது: ‘ஷட் டவுன்’ செய்து மறுபடி ஆன் செய்வது முழுமையான புதிய தொடக்கம் இல்லை. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கும் கம்ப்யூட்டரில் விண்டோஸ் பாதி நினைவைச் சேமித்து வைத்துத்தான் அணைகிறது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தேடும். ஆகவே ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

டிஸ்கிலிருந்து டக், டக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். மறுபடி மறுபடி செருகிப் பார்ப்பது உள்ளே இருப்பதை இன்னும் கெடுக்கும். அதில் தேவையான டேட்டா இருந்தால் டேட்டா மீட்பவர்களிடம்தான் போக வேண்டும்.

அறிகுறி: டிரைவ் இருக்கிறது, எழுத்து வேறாக இருக்கிறது

நான் பார்ப்பதில் மிக அதிகமானது இதுதான். வெளி டிஸ்கையோ பென் டிரைவையோ செருகும்போது விண்டோஸ் காலியாக உள்ள எழுத்து ஒன்றைக் கொடுக்கும். நேற்று உங்கள் பேக்கப் டிஸ்க் ‘இ’யாக இருந்தது. இன்று காலை வாடிக்கையாளர் ஒருவர் பிரிண்ட் எடுக்கத் தந்த பென் டிரைவ் முதலில் செருகப்பட்டு ‘இ’யை எடுத்துக்கொண்டது, உங்கள் டிஸ்க் ‘எஃப்’ ஆகிவிட்டது. சாப்ட்வேர் ‘இ’யில் போய்ப் பார்க்கும், அந்தப் பென் டிரைவில் கல்யாணப் பத்திரிகைதான் இருக்கும்.

விண்டோஸை மறுபடி நிறுவிய பிறகு வருவது இதன் இன்னொரு வடிவம். கம்ப்யூட்டரில் டிவிடி டிரைவ் இருந்தால் அது ‘டி’யைப் பிடித்துக்கொள்ளும், டேட்டா இருந்த பகுதி ‘இ’க்குத் தள்ளப்படும். சாப்ட்வேர், ஷார்ட்கட், எக்செல் இணைப்பு எல்லாம் ‘டி’யைக் கேட்டு நிற்கும். சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கிய மறுநாள் டேட்டா காணோம் என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

சரிசெய்வது எளிது, வரிசைதான் முக்கியம். ஓர் எழுத்தை ஒரே நேரத்தில் இரண்டு டிரைவுக்குக் கொடுக்க முடியாது. முதலில் டிவிடி டிரைவையோ பென் டிரைவையோ ‘இசட்’டுக்கு மாற்றுங்கள். பிறகு காலியான எழுத்தை உங்கள் டேட்டா பகுதிக்குக் கொடுங்கள். மாற்றும்போது சில சாப்ட்வேர் ஓடாமல் போகலாம் என்று விண்டோஸ் எச்சரிக்கும். எழுத்தைப் பழையபடி ஆக்குகிறீர்கள் என்பதால் ‘யெஸ்’ சொல்லலாம். சாப்ட்வேர்கள் நிறுவப்பட்டுள்ள டிரைவுக்குப் புதிய எழுத்து கொடுப்பது மட்டும் கூடாது.

இனிமேல் மாறாமல் இருக்க, தினமும் செருகும் வெளி டிஸ்குக்கு ‘டி’, ‘இ’, ‘எஃப்’ வேண்டாம். எழுத்து வரிசையின் கடைசிப் பக்கத்திலிருந்து ‘டபிள்யூ’, ‘எக்ஸ்’ போல ஒன்றைக் கொடுங்கள். அந்த டிஸ்குக்கு அந்த எழுத்து என்று அந்தக் கம்ப்யூட்டர் நினைவில் வைத்துக்கொள்ளும். பென் டிரைவுகள் அவ்வளவு தூரம் வராது. பிறகு சாப்ட்வேரில் டேட்டா பாதையை ஒருமுறை அந்தப் புதிய எழுத்துக்கு மாற்றிவிடுங்கள். டாலி பிரைமில் என்றால் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் ‘ஸ்பெசிஃபை பாத்’ என்று இருக்கும். டேட்டா போல்டரைக் காட்டினால் கம்பெனிப் பெயர் வந்துவிடும். கவனம்: உள்ளே எண்ணைப் பெயராகக் கொண்ட போல்டர்தான் ஒவ்வொரு கம்பெனியும். அந்த எண் போல்டரைக் காட்டாமல், அதற்கு மேலே இருக்கும் போல்டரைக் காட்ட வேண்டும்.

அறிகுறி: ஃபார்மேட் செய்யச் சொல்கிறது, அல்லது பூட்டுப் படம் தெரிகிறது

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்தப் பகுதி ‘ரா’ என்று காட்டினால், எழுதிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிருக்கலாம், அல்லது ‘எஜெக்ட்’ செய்யாமல் பிடுங்கியிருக்கலாம். கோப்புகளின் அட்டவணை குழம்பியிருக்கிறது. கோப்புகள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். இணையத்தில் தேடினால் உடனே ‘செக் டிஸ்க்’ ஓட்டச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அது அட்டவணையை ஒழுங்காக்கும் வேலை. டேட்டாவைக் காப்பாற்றுவது அதன் நோக்கமில்லை. முதலில் மீட்பு மென்பொருள் கொண்டு கோப்புகளை வேறொரு டிஸ்குக்கு நகலெடுங்கள், அதே டிஸ்குக்கு அல்ல. எடுத்தாகிவிட்டது என்று உறுதியான பிறகு செக் டிஸ்க் ஓட்டலாம், ஃபார்மேட்டும் செய்யலாம்.

டிரைவின் மேல் பூட்டுப் படம் இருந்தால் அது பிட்லாக்கர், டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் சொந்த வசதி. கெட்டுப்போகவில்லை, பூட்டப்பட்டிருக்கிறது. 48 இலக்க மீட்பு எண் தேவை. அந்தக் கம்ப்யூட்டரை முதலில் யாருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் தொடங்கினார்களோ, அநேகமாக அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கடைக்கு லேப்டாப் வாங்கியபோது மகனோ மருமகளோ தங்கள் மெயிலைப் போட்டுத் தொடங்கியிருப்பார்கள், அவர்களிடம் கேளுங்கள்.

அறிகுறி: நெட்வொர்க் டிரைவில் சிவப்புப் பெருக்கல் குறி

இரண்டு மூன்று கம்ப்யூட்டர் உள்ள மண்டிகளில் ஒன்றில் டேட்டா இருக்கும், மற்றவை அதை ‘இசட் டிரைவ்’ என்று இணைத்து வைத்திருக்கும். காலையில் பில் போடும் பையன் முதலில் வந்து தன் கம்ப்யூட்டரை ஆன் செய்வான். டேட்டா உள்ள முதலாளியின் கம்ப்யூட்டர் இன்னும் ஆன் ஆகவே இல்லை. ‘குட் நாட் ரீகனெக்ட் ஆல் நெட்வொர்க் டிரைவ்ஸ்’. முதலாளி கம்ப்யூட்டரை ஆன் செய்து, இங்கே அந்த டிரைவை ஒருமுறை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் சரியாகிவிடும். வைஃபையில் ஓடும் கம்ப்யூட்டர்களிலும் இப்படி நடக்கும்: விண்டோஸ் திறந்த பிறகுதான் வைஃபை இணைகிறது. தினமும் படுத்தினால் கேபிள் இழுத்துவிடுங்கள். டேட்டா உள்ள கம்ப்யூட்டர் சும்மா இருந்தால் தூங்கப் போகாதபடி ‘ஸ்லீப்’ நேரத்தை ‘நெவர்’ ஆக்கிவிடுங்கள்.

அது ஆன் ஆகியிருந்தும் வரவில்லை என்றால் எக்ஸ்ப்ளோரரின் (போல்டர்களைக் காட்டும் ஜன்னல்) முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு அந்தக் கம்ப்யூட்டரின் பெயரை அடித்துப் பாருங்கள். திறந்தால், பழைய இணைப்பைத் துண்டித்துவிட்டு இந்தப் பெயரிலேயே மறுபடி இணையுங்கள். ஐபி எண்ணை (நெட்வொர்க்கில் அந்தக் கம்ப்யூட்டரின் முகவரி எண்) கொண்டு இணைத்திருந்தால், கரண்ட் போய் ரூட்டர் மறுபடி கிளம்பும்போது அந்த எண் வேறாகிவிடலாம். பெயர் எண்ணைப் போல மாறாது. ஐபி கட்டாயம் வேண்டுமென்றால் ரூட்டரின் அமைப்பில் அந்தக் கம்ப்யூட்டருக்கு நிரந்தரமாக ஓர் எண்ணை ஒதுக்கிவிடுங்கள்.

பெயரும் திறக்கவில்லை, எண்ணும் திறக்கவில்லை என்றால் டேட்டா உள்ள கம்ப்யூட்டரில் நெட்வொர்க் வகை ‘பப்ளிக்’ ஆகியிருக்கிறதா பாருங்கள். ரூட்டரை மாற்றினால் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காகக் கருதி, போல்டர் பகிர்வை அடைத்துவிடும். ‘ப்ரைவேட்’ ஆக்குங்கள்.

விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புக்கு மாறியதும் நின்றுபோனதா? பாஸ்வேர்டு இல்லாமல் விருந்தினராகத் திறக்கும் பகிர்வை ‘ப்ரோ’ பதிப்பு இப்போது மறுக்கிறது. பாதுகாப்பைத் தளர்த்தும் குறுக்குவழிகள் உண்டு, நான் அவற்றைச் செய்து கொடுப்பதில்லை. டேட்டா உள்ள கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டோடு ஒரு யூசரை உருவாக்கி, இணைக்கும்போது அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து ‘ரிமெம்பர்’ போட்டுவிடுங்கள். கணக்கு டேட்டா உள்ள போல்டர் பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து கிடப்பது எப்படியும் நல்லதல்ல.

அறிகுறி: எக்ஸ்ப்ளோரரில் திறக்கிறது, சாப்ட்வேருக்கு மட்டும் தெரியவில்லை

இதுதான் ஆளைக் குழப்பும். போல்டர் கண்ணெதிரே இருக்கும், சாப்ட்வேர் இல்லை என்கும்.

சாப்ட்வேரை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ ஆகத் திறக்கிறீர்களா? நீங்கள் இணைத்த நெட்வொர்க் டிரைவ் சாதாரண நிலையில் உள்ள உங்களுக்குத்தான் சொந்தம். அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடும் சாப்ட்வேருக்கு அந்த எழுத்து தெரியாது. சாதாரணமாகத் திறந்து பாருங்கள். அல்லது எழுத்துக்குப் பதிலாக இரண்டு பின்சாய்வோடு தொடங்கும் முழு நெட்வொர்க் பாதையைச் சாப்ட்வேரில் கொடுங்கள்.

போல்டர் பெயர் எந்த மொழியில் இருக்கிறது? எல்லைப் பக்கத்து அச்சகங்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். புனலூரிலிருந்து வருபவர் தரும் பென் டிரைவில் போல்டர் பெயர் மலையாளத்தில் இருக்கும். தென்காசிக்காரர் தருவதில் தமிழில் இருக்கும். எக்ஸ்ப்ளோரர் இரண்டையும் அழகாகக் காட்டும். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு முறை வருவதற்கு முந்தைய முறையில் எழுதப்பட்ட பழைய சாப்ட்வேருக்கு அவை வெறும் கேள்விக்குறிகள். அந்தப் பெயரில் பாதை இல்லை என்றுதான் சொல்லும். போல்டரை டெஸ்க்டாப்புக்கு நகலெடுத்து, ஆங்கில எழுத்தில் ‘ஜாப்1’ என்பதுபோல் சின்னப் பெயர் வைத்துத் திறங்கள். உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயரையும் மாற்ற வேண்டும். பாதை மிக நீளமாக இருந்தாலும் இதே வழிதான். பல சாப்ட்வேர்கள் 260 எழுத்துக்கு மேல் போகும் பாதையைத் தொடாது. போல்டருக்குள் போல்டராகப் பத்து அடுக்கு வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

ஏப்ரல் 1 அன்று மட்டும் 76 வருகிறதா? வருடக் கணக்குப்படி போல்டர் வைத்து எழுதும் சாப்ட்வேர்களில் சில, புதிய வருடத்துப் போல்டரைத் தாமே உருவாக்காது. போன வருடத்துப் போல்டர் எப்படிப் பெயரிடப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அதே பாணியில் காலியாக ஒன்றை நீங்களே உருவாக்கினால் ஓடத் தொடங்கும்.

‘டாக்குமெண்ட்ஸ்’ போல்டரில் சேமிக்கப் போனால் மட்டும் ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’ என்கிறதா? விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ரேன்சம்வேர் ப்ரொடெக்ஷன்’ என்ற பகுதிக்குள் ‘கன்ட்ரோல்டு போல்டர் ஆக்சஸ்’ ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். அது அறிமுகமில்லாத சாப்ட்வேரைத் தடுக்கும்போது, சாப்ட்வேர் அதைப் புரிந்துகொள்ளாமல் கோப்பைக் காணோம் என்று சொல்லும். அதை அணைக்காமல், அங்கேயே உங்கள் சாப்ட்வேரை அனுமதிப் பட்டியலில் சேருங்கள்.

வேறொரு யூசரில் நுழைந்ததும் டேட்டா எல்லாம் காணோம் என்றால் வேறு கதை. ‘ப்ரோகிராம் ஃபைல்ஸ்’ போல்டருக்குள் நேராக எழுதும் பழைய சாப்ட்வேரை விண்டோஸ் அங்கே எழுத விடாமல், ஒவ்வொரு யூசருக்கும் தனியாக ‘வர்ச்சுவல் ஸ்டோர்’ என்ற மறைவான இடத்தில் எழுத வைக்கும். பழைய யூசரின் ‘ஆப் டேட்டா’, அதற்குள் ‘லோக்கல்’, அதற்குள் ‘வர்ச்சுவல் ஸ்டோர்’ என்று போய்ப் பாருங்கள், டேட்டா அங்கே இருக்கும். சாப்ட்வேரை ‘ப்ரோகிராம் ஃபைல்ஸ்’ தவிர்த்து வேறொரு போல்டரில் நிறுவி, டேட்டாவை அதற்குள் நகலெடுத்தால் எல்லா யூசருக்கும் ஒரே டேட்டா கிடைக்கும்.

பென் டிரைவில் போல்டர்கள் மறைந்து ஷார்ட்கட்கள் மட்டும் தெரிந்தால் வைரஸ். எந்த ஷார்ட்கட்டையும் திறக்காதீர்கள். ஸ்கேன் செய்துவிட்டு, எக்ஸ்ப்ளோரரின் போல்டர் ஆப்ஷன்ஸில் ‘ஹைட் ப்ரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்பதன் டிக்கை எடுத்து, மறைந்த கோப்புகளையும் காட்டச் சொன்னால் அசல் போல்டர்கள் மங்கலாகத் தெரியும். நகலெடுத்துக்கொண்டு பென் டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள்.

அறிகுறி: நிறுவும்போது ‘எரர் 1327, இன்வேலிட் டிரைவ்’

நிறுவுவது ‘சி’யில்தான், ஆனால் ‘இன்வேலிட் டிரைவ் இ’ என்று வந்து நிற்கும். ‘டாக்குமெண்ட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’, ‘மியூசிக்’ போல்டர்களில் ஒன்றை யாரோ முன்பு ‘இ’க்கு மாற்றியிருக்கிறார்கள், அந்த டிரைவ் இப்போது இல்லை. ஒவ்வொன்றிலும் வலது கிளிக், ‘ப்ராப்பர்ட்டீஸ்’, ‘லொகேஷன்’ தாவல். காணாமல் போன எழுத்து இருக்கும் போல்டரில் ‘ரீஸ்டோர் டிஃபால்ட்’ கொடுங்கள். அந்தத் தாவலே திறக்காமல் அடம்பிடித்தால், ஒரு பென் டிரைவைச் செருகி அதற்கு ‘இ’ எழுத்தைக் கொடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம்.

அறிகுறி: டெஸ்க்டாப்பே காணோம்

மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பு வசதியான ஒன்டிரைவ், டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் தன் போல்டருக்குள் இழுத்துக்கொள்ளும். பிறகு யாராவது ஒன்டிரைவை நீக்கினால் டெஸ்க்டாப் காலியாகத் தெரியும். ‘சி’யில் ‘யூசர்ஸ்’, உங்கள் பெயர், ‘ஒன்டிரைவ்’ என்று போய்ப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் ஒன்டிரைவ் இணையதளத்தில் நுழைந்து பாருங்கள். கோப்புகளை எடுத்துக்கொண்டு மேலே சொன்ன ‘ரீஸ்டோர் டிஃபால்ட்’ செய்யுங்கள். செய்தியில் ‘சிஸ்டம் ப்ரொஃபைல்’ என்ற பாதை வந்தால் முதலில் ஒரு ரீஸ்டார்ட்.

ஸ்டுடியோவும் அச்சகமும்

லைட்ரூம் கிளாசிக்கில் போல்டரின் மேல் கேள்விக்குறி தெரிந்தால் வலது கிளிக், ‘ஃபைண்ட் மிஸ்ஸிங் போல்டர்’, புதிய இடத்தைக் காட்டுங்கள். நீக்கிவிட்டு மறுபடி இம்போர்ட் செய்யாதீர்கள். செய்த திருத்தங்கள் போய்விடும். போட்டோஷாப் ‘ஸ்கிராட்ச் டிஸ்க்’ (அது தற்காலிகமாக எழுதிக்கொள்ளும் டிரைவ்) என்று சொல்லித் திறக்க மறுத்தால், திறக்கும்போதே கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திப் பிடியுங்கள். எந்த டிரைவ் என்று கேட்கும். பேஜ்மேக்கரில் ‘லிங்க்ஸ் மேனேஜர்’ திறந்தால் காணாமல் போன படங்களின் பக்கத்தில் கேள்விக்குறி இருக்கும், ஒவ்வொன்றாக இணைக்கலாம். பத்திரிகை வேலையை வாங்கும்போது படங்களையும் அதே போல்டருக்குள் போட்டு வாங்கினால் இந்த வேலையே வராது.

அறிகுறி: ‘நோ டிஸ்க்’ என்று விடாமல் வருகிறது

ஏதோ ஒரு சாப்ட்வேர், முன்பு பென் டிரைவிலிருந்து திறந்த கோப்பை இன்னும் தேடுகிறது. அந்த எழுத்தில் இப்போது காலியான கார்டு ரீடர் இருக்கிறது. கார்டு ரீடரின் எழுத்தை மாற்றுங்கள், அல்லது கழற்றிவிடுங்கள். நின்றுவிடும்.

பேக்கப்புக்கும் இதே கண்டம்

மேலே உள்ளவற்றில் எதுவுமே உங்களுக்கு வந்ததில்லை என்றாலும் இதை இன்றே பாருங்கள். தினமும் தானாகப் பேக்கப் எடுக்கும்படி அமைத்திருக்கிறீர்கள், இலக்கு ‘இ’ டிரைவ். அந்த எழுத்து மாறிய நாளிலிருந்து பல சாப்ட்வேர்கள் திரையில் எதுவும் காட்டாமல் பதிவேட்டில் மட்டும் தோல்வி என்று எழுதிவிட்டு விட்டுவிடும். இன்னும் மோசம், ‘இ’யில் இருப்பது வேறு யாருடைய பென் டிரைவோ என்றால் உங்கள் கணக்கை அதில் எழுதியும் கொடுத்துவிடும். பேக்கப் போல்டரைத் திறந்து, ‘டேட் மாடிஃபைடு’ வரிசையில் கடைசித் தேதி நேற்றையதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த டிஸ்குக்கு நிரந்தர எழுத்து கொடுத்து, சாப்ட்வேரில் பாதையை மாற்றி, இப்போதே கையால் ஒரு பேக்கப் எடுங்கள். எடுத்ததை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகு, டேட்டா எந்தப் பாதையில், பேக்கப் எந்தப் பாதையில் என்று ஒரு தாளில் எழுதி மானிட்டரின் பின்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை போனில் கேட்கும்போது அதைப் படித்துச் சொன்னால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.